ஆட்கடத்தல்: சொல்லும் பொருளும்

செய்தித்தாள்களில் நாம் அடிக்கடி காணும் சொற்களுள் 'ஆட்கடத்தல்' ஒன்று. அதன் பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கடத்தலாவது கடக்கச் செய்தல். நாளைக் கடத்துகிறோம், வரி செலுத்தாது பண்டத்தை எல்லை கடக்கச் செய்வாரும் உளர். மக்களைக் குறிக்குங்கால் 'ஆள்' என்பதை முன் வைத்து வழங்குகிறோம். பண்டை வழக்கோ நுட்பமானது. பகைவரின் பசுக்கூட்டத்தைக் கொள்ளுதல் 'நிரை கவர்தல்'. தொல்காப்பியர் அதனை வெட்சித்திணையில் வைத்தார். இராவணன் சீதையைக் கொண்டேகியது 'சிறையெடுத்தல்'. தலைவி தானே விரும்பித் தலைவனுடன் செல்லுதல் 'உடன்போக்கு'. செல்வாருடைய இசைவு உண்டா, இல்லையா என்பதே இவற்றைப் பிரிக்கும் எல்லைக்கோடு.

ஆங்கிலத்தில் 'கிட்நாப்' என்னும் சொல் 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 'கிட்' என்பது குழந்தை. 'நாப்' என்பது பற்றுதல். அமெரிக்கக் குடியேற்றத் தோட்டங்களில் உழைக்கச் சிறுவரையும் பிறரையும் களவாடிக் கப்பலேற்றிய கொடுமையைக் குறிக்கவே அச்சொல் முதலில் வழங்கிற்று.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 'கிட்நாப்பிங்', 'அப்டக்ஷன்' என இதனை இரண்டாகப் பகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைபெறும் பாரதிய நியாய சன்ஹிதாவும் 137, 138-ஆம் பிரிவுகளில் அப்பகுப்பையே கொண்டுள்ளது. முன்னதன் ஒரு வகை, 18 வயது நிரம்பாதாரைக் காப்பாளர் இசைவின்றி அழைத்தேகுதல். ஆங்குப் பிள்ளையின் இசைவு செல்லாது. பின்னது, எவ்வயதினரையும் வலிமையாலோ வஞ்சனையாலோ ஓரிடத்தினின்று போகச் செய்தல்.

ஆதலின், வயது நிரம்பிய மகள் தன் விருப்பத்தாற் சென்றதைக் 'கடத்தல்' என்பது அவளைப் பண்டமாக்குவதாம். மிட்டாய் காட்டி அழைக்கப்பட்ட சிறுவனைத் 'தானே சென்றான்' என்பதோ குற்றவாளிக்கு அரணாம். சொல்லை அளந்து வழங்குதல் கற்றோர் கடன்.