மதில் கட்டமுன் பிளானைப் பாருங்கள்

வலிகாமத்தில் எனது உறவினர் ஒருவரின் காணிக்கு மதில் கட்ட வெளிநாட்டில் இருந்து காசு வந்தது. மேசன் பழைய கிளுவை வேலியைப் பிடுங்கினார். கதியால் நின்ற நேருக்கே நூல் பிடித்தார். மூன்று கிழமையில் மதில் எழும்பிவிட்டது. நான்காவது கிழமை பக்கத்து வீட்டு அக்கா தனது உறுதியோடு வந்தார். அதில் கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. பங்குக் கிணறு இப்போது மதிலுக்கு இந்தப் பக்கம். அவர் வந்துபோன வேலிப்பொட்டு இருந்த இடத்தில் சீமெந்துக் கல். வழக்கு இரண்டு வருடமாக நடக்கிறது. அக்கா ஒழுங்கையால் சுற்றி வந்து தண்ணீர் அள்ளுகிறார்.

உயிர்வேலி ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. பூவரசும் கிளுவையும் பருக்கும். பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாக நடும் புதியது அரை அடி தள்ளி நிற்கும். முப்பது வருடத்தில் வேலி ஒரு அடி நகர்ந்தால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் 75 அடி நீள எல்லையில் ஒரு அடி என்பது 75 சதுர அடி, அதாவது கால் பேர்ச்சுக்கும் மேல். கிடுகு வேலியில் இருக்கும்வரை அந்தப் பிழையைப் பேசித் தீர்க்கலாம். அத்திவாரம் போட்டபின் அது பிழையாகத் தெரியாது, எல்லையாகத்தான் தெரியும். 1871ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் தடையின்றித் தனக்கென்று ஆண்ட நிலத்துக்கு ஆட்சி உரிமை கோரலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆகவே முதற்செலவு கல்லுக்கோ கம்பிக்கோ அல்ல, அனுமதி பெற்ற நில அளவையாளருக்கு. பழைய பிளான் இருந்தால் அதை வைத்து எல்லைக்கல்லைத் திரும்ப நாட்டுவார். எங்கள் பக்கத்தில் பல காணிகளுக்குப் பிளானே இல்லை. உறுதியில் கிழக்கு இன்னார், வடக்கு ஒழுங்கை என்று மட்டும் இருக்கும். அதில் எழுதியுள்ள பரப்பையும் கவனமாக வாசிக்க வேண்டும். வரகுப் பரப்பென்றால் ஏக்கருக்கு 16, ஒரு பரப்பு 10 பேர்ச். நெற்பரப்பென்றால் ஏக்கருக்கு 24. நெற்பரப்பை வரகுப் பரப்பாக எண்ணி அளப்பவர் தன் பங்கைப்போல ஒன்றரை மடங்கு கேட்டுக்கொண்டு நிற்பார். இப்படித் தொடங்கிய சண்டைகளை நானே கண்டிருக்கிறேன்.

1990இல் இடம்பெயர்ந்து, 2015இன் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகளில் நிலைமை இன்னும் கடினம். வேலியும் இல்லை, அடையாள மரமும் இல்லை, சில இடங்களில் ஒழுங்கையே இல்லை. அங்கே ஒரு காணியைத் தனியே அளந்து பயனில்லை. அயலவர்கள் சேர்ந்து ஒரே அளவையாளரைப் பிடித்து ஒரு துண்டாக அளப்பது நல்லது. செலவும் பகிரப்படும். அளக்கும் நாளில் எல்லோரும் நிற்பதால் பிறகு 'நான் இல்லாத நேரம் அளந்தவை' என்ற கதையும் எழும்பாது.

அடுத்தது அனுமதி. கதியால் வேலிக்கு ஒருவரும் கேட்க வருவதில்லை. மதில் என்றால், குறிப்பாக வீதிப் பக்கம் என்றால், பிரதேச சபையிலோ நகர, மாநகர சபையிலோ விண்ணப்பிக்க வேண்டும். உறுதிப் பிரதி, பிளான், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். முன்னால் உள்ள வீதி யாருடையது என்பதை முதலே விசாரியுங்கள். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. மற்றவை பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கு. வீதி அகலிப்புக்கு ஒதுக்கிய கோட்டுக்குள் மதில் கட்டினால் இடிக்கும் நாளில் நட்டஈடு கேட்க வாய் இராது. சந்திக் காணியென்றால் மூலையைச் சாய்வாக வெட்டி விடச் சொல்வார்கள். கடற்கரையில் இருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும்.

எல்லையில் பெண்பனை, பலா, ஈரப்பலா நின்றால் நினைத்தவுடன் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி தேவை. அதற்குக் கிராம அலுவலரிடம் தொடங்க வேண்டும்.

செலவுக்கு வருவோம். விலை மாதத்துக்கு மாதம் மாறும். 2022இல் சீமெந்து விலை ஏறியதை மறந்தவர்கள் இருக்க முடியாது. அதனால் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டு வரகுப் பரப்புக் காணி ஏறத்தாழச் சதுரமாக இருந்தால் சுற்றளவு 295 அடி வரும். படலைக்கு 10 அடி கழித்தால் 285. எட்டடிக்கு ஒரு கொங்கிறீற் தூண் என்றால் 37 தூண் வரை. ஐந்து வரி முட்கம்பி அடித்தால் 1,425 அடிக் கம்பி. ஆறடி உயரத்துக்கு 16க்கு 8 அங்குலக் கல் வைத்தால் 1,900க்கு மேல் வேண்டும், உடைசலுக்கும் சேர்த்து இரண்டாயிரம் என்று வையுங்கள். அத்திவாரமும் தூணும் பூச்சும் இதில் இல்லை. கல்நிலமென்றால் குழி தோண்டும் கூலியே தனியாக ஏறும். கிடுகு முதலில் மலிவு, ஆனால் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக அடைக்க வேண்டும். இப்போது அதற்கு ஆள் பிடிப்பதும் லேசில்லை.

என் அபிப்பிராயம், வீதிப் பக்கத்துக்கு மதில், மற்ற மூன்று பக்கத்துக்கும் தூணும் கம்பியும், கம்பியோடு சேர்த்துச் சீமைக்கிளுவைக் கதியாலும் போதும். காசும் மிஞ்சும், மாட்டுக்குக் குழையும் கிடைக்கும். மாரியில் வெள்ளமும் வழிந்தோடும். நாலு பக்கமும் மதிலடைத்து, மார்கழியில் முற்றத்தில் முழங்கால் தண்ணீரோடு நிற்கும் வீடுகள் கொஞ்சமல்ல. மதில்தான் வேண்டும் என்றால் அடியில் நீர் போகத் துவாரம் விடுங்கள்.

செலவைப் பக்கத்து வீட்டாரும் பங்கிடுவதென்றால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், மதில் யாருடைய நிலத்தில் நிற்கிறது, பங்குக் கிணற்றுக்கு எவ்விடத்தில் படலை என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இணக்கம் வராவிட்டால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். கைகலப்பு வரும் நிலையென்றால் பொலிஸார் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அறிக்கையிடுவார்கள். அங்கே உறுதியில் யார் பெயர் என்று தீர்ப்பதில்லை, யார் கைவசம் காணி இருந்தது என்றே பார்ப்பார்கள். வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர், அது நடந்து இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் திரும்பக் கைவசம் பெறலாம். வெளிநாட்டில் இருப்பவர்களின் காணியில் அயலவர் வேலியைத் தள்ளி அடைத்தால், செய்தி போய்ச் சேரவே அந்த இரண்டு மாதம் போய்விடுகிறது. காணியைப் பார்க்கும் ஆளிடம் மாதம் ஒருமுறை நாலு மூலை எல்லைக்கல்லையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.