கருக்கால மதுப் பாதிப்பும் குடும்ப ஆதரவுப் பயிற்சியும்

கருக்கால மதுப் பாதிப்பு என்பது, கருவுற்ற காலத்தில் தாய் அருந்தும் மது வயிற்றிலுள்ள குழந்தையின் மூளையையும் உடலையும் தாக்குவதால் உண்டாகும் குறைபாடுகளின் பொதுப்பெயர் ஆகும். மருத்துவ உலகில் இது ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸ்ஆர்டர் என்றும், சுருக்கமாக எஃப்.ஏ.எஸ்.டி. என்றும் அழைக்கப்படுகிறது. இது வாழ்நாள் முழுவதும் தொடரும். மருந்தால் நீக்க முடியாது. ஆனால் முழுமையாகத் தடுக்க முடியும். பாதிக்கப்பட்ட குழந்தையைப் புரிந்துகொண்டு வளர்த்தால் அக்குழந்தையின் வாழ்வு பெரிதும் மேம்படும். அவ்வாறு புரிந்துகொள்ளக் குடும்பங்களுக்குத் துணை நிற்பதே குடும்ப ஆதரவுப் பணி. இப்பணிக்கான படிப்புகள் கனடா முதலிய நாடுகளில் இணையவழியில் நடத்தப்படுகின்றன.

வரலாறு

1968ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நாந்த் நகரைச் சேர்ந்த மருத்துவர் பால் லெமுவான், மது அருந்திய தாய்மாருக்குப் பிறந்த 127 குழந்தைகளிடம் கண்ட ஒற்றுமைகளை வெளியிட்டார். அது பிரெஞ்சு மொழியில் இருந்ததால் பரவலாகக் கவனிக்கப்படவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள் கென்னத் லயன்ஸ் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் லான்செட் இதழில் எழுதிய கட்டுரைகளால் இந்நிலை உலகின் கவனத்துக்கு வந்தது. மிகக் கடுமையான வடிவத்துக்கு அவர்கள் ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்று பெயரிட்டனர். முக அடையாளம் இல்லாத குழந்தைகளுக்கும் மூளைப் பாதிப்பு இருக்கலாம் என்பது பின்னர் தெளிவானது. அதனால் எல்லா நிலைகளையும் உள்ளடக்கிய எஃப்.ஏ.எஸ்.டி. என்னும் பொதுப்பெயர் வழக்கிற்கு வந்தது. 1999 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் 9ஆம் நாள் இதற்கான விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஒன்பதாம் மாதத்தின் ஒன்பதாம் நாள் என்பது கருவுற்ற ஒன்பது மாதங்களை நினைவூட்டத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

பாதிப்பு ஏற்படும் விதம்

தாய் குடிக்கும் மதுவில் உள்ள எத்தனால் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் இரத்தத்தில் கலக்கிறது. கருவின் கல்லீரல் முதிர்ச்சி அடையாததால் அதனால் மதுவை விரைவாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. வளர்ந்துவரும் மூளை உயிரணுக்கள் அழிகின்றன. சில தம் இடத்துக்குச் சென்று சேராமல் போகின்றன. முதல் மூன்று மாதங்களில் முகமும் உறுப்புகளும் உருவாகின்றன. மூளை கருக்காலம் முழுவதும் வளர்கிறது. எனவே பாதுகாப்பான மாதம் என்று எதுவும் இல்லை. பாதுகாப்பான அளவும், பாதுகாப்பான மது வகையும் இல்லை. கள், பீர், பிராந்தி, சாராயம் எல்லாவற்றிலும் இருப்பது அதே எத்தனால்தான்.

தந்தை குடிப்பதால் மட்டும் இந்நோய் இருப்பதாகக் கண்டறியப்படுவதில்லை. ஆயினும் கணவரின் குடிப்பழக்கம் வீட்டில் மதுவைப் புழங்கச் செய்கிறது; வருமானத்தையும் உணவையும் குறைக்கிறது; அடி உதைக்கும் காரணமாகிறது. ஆகவே தடுப்புப் பணி தாயோடு நின்றுவிடக் கூடாது.

அறிகுறிகள்

கடுமையான வடிவத்தில் மூன்று முக அடையாளங்கள் காணப்படும். அவை: கண் திறப்பின் நீளம் குறைந்திருத்தல், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் தட்டையாக இருத்தல், மேலுதடு மெலிந்திருத்தல். எடையும் உயரமும் குறைவாக இருக்கலாம். ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் இந்த முக அடையாளங்கள் இரா. அவர்களின் குறை கண்ணுக்குத் தெரியாது; நடத்தையில்தான் வெளிப்படும்.

நேற்று சரியாகச் சொன்ன வாய்ப்பாட்டை இன்று மறப்பது, பணத்தின் மதிப்பும் நேரமும் பிடிபடாமை, ஒரு தவறுக்குத் தண்டனை பெற்றும் மறுநாள் அதையே செய்வது, சட்டெனக் கோபப்படுவது, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவது ஆகியவை பொதுவானவை. இத்தகைய குழந்தை நன்றாகப் பேசும். அதனால் எல்லாம் புரிகிறது என்று பெரியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். பள்ளியில் 'மக்கு' என்றும், வீட்டில் 'முரண்டு பிடிக்கிறான்' என்றும், ஊரில் 'வளர்ப்புச் சரியில்லை' என்றும் பெயர் வாங்குகிறது. தன்னால் முடியாத ஒன்றைச் செய்ய மறுப்பதாகக் கருதி அக்குழந்தையை அடிப்பதே இந்நிலையின் பெருந்துயரம்.

பரவல்

2017இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீட்டின்படி ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. உள்ளது. தென்னாப்பிரிக்காவில் இந்த அளவு மிக அதிகம்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மது அருந்துவோர் ஏறத்தாழ 1 விழுக்காடு. ஆண்களில் ஏறத்தாழ 19 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெண்களின் அளவு இதனினும் குறைவு. ஆண்களின் அளவு ஏறத்தாழ 25 விழுக்காடு. குடிப்பதை வெளியில் சொன்னால் பெண்ணுக்கே இழுக்கு என்னும் சூழலில், நேர்க்கேள்விக்குக் கிடைக்கும் விடை உண்மையைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் இறந்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் பெண்களும் இருந்தனர். இது பெண்கள் குடிப்பதே இல்லை என்னும் நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியது.

நம் வீடுகளில் மது வேறு பெயரிலும் நுழைகிறது. அரிட்டம், ஆசவம் வகை ஆயுர்வேத மருந்துகள் நொதித்தல் முறையில் செய்யப்படுவதால் அவற்றில் இயற்கையாகவே எத்தனால் உண்டு. கருவுற்ற பெண் இவற்றை மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது. உடல்வலிக்கும் சளிக்கும் பிராந்தி கொடுக்கும் வழக்கமும் கருக்காலத்தில் தவிர்க்கப்பட வேண்டும்.

குடும்ப ஆதரவுப் பணி

1996இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஸ்ட்ரைஸ்கத் தலைமையிலான குழு, பாதிக்கப்பட்ட 415 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்தது. பள்ளியிலிருந்து இடைநிற்றல், மனநலச் சிக்கல், சட்டச் சிக்கல் ஆகியவை அவர்களிடம் மிகுதியாக இருந்தன. ஆனால் ஆறு வயதுக்குள் நிலை கண்டறியப்பட்டவர்களிடமும், அமைதியான, நிலையான வீட்டில் வளர்ந்தவர்களிடமும் இச்சிக்கல்கள் குறைவாக இருந்தன. குடும்பத்துக்குத் தரும் உதவியே குழந்தைக்குத் தரும் மருத்துவம் என்னும் கருத்துக்கு இவ்வாய்வு வலுச் சேர்த்தது.

அதே பல்கலைக்கழகம் 1991இல் தொடங்கிய பெற்றோர்–குழந்தை உதவித் திட்டம் இப்பணிக்கு முன்மாதிரி. கருக்காலத்தில் மதுவோ போதைப்பொருளோ பயன்படுத்திய தாயின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செல்வார். சிகிச்சை, குடும்பக் கட்டுப்பாடு, வீட்டு வசதி, குழந்தையின் தடுப்பூசி என ஒவ்வொன்றிலும் துணை நிற்பார். தாய் மீண்டும் குடித்துவிட்டாலும் அவரைக் கைவிடுவதில்லை. கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணமும் பின்னர் இம்முறையைப் பின்பற்றியது.

குழந்தையைப் பொறுத்தவரை இப்பணியின் அடிப்படை எளிது: குழந்தையை மாற்ற முயல்வதற்கு முன் சூழலை மாற்ற வேண்டும். 'கடைக்குப் போய் உப்பும் புளியும் தீப்பெட்டியும் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வா' என்பது நான்கு கட்டளைகள். ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லி, அதைச் செய்து காட்டி, திரும்பச் சொல்லச் செய்தால் குழந்தை நிறைவேற்றும். எழுவது, பல் துலக்குவது, சீருடை அணிவது ஆகியவற்றைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டலாம். வகுப்பில் முன்வரிசை இருக்கையும் குறைந்த இரைச்சலும் உதவும். தண்டனையைவிட ஒரே மாதிரியான நாள் ஒழுங்கே பலன் தரும்.

இணையவழிப் படிப்புகள்

கனடாவின் கேன்எஃப்.ஏ.எஸ்.டி. என்னும் ஆய்வு அமைப்பு அடிப்படைப் படிப்பு ஒன்றை இணையவழியில் வழங்குகிறது. ஆல்பெர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் கல்லூரி இப்பொருளில் சான்றிதழ்ப் படிப்பை இணையவழியில் நடத்தியுள்ளது. இத்தகைய படிப்புகளில் பொதுவாக மூளை வளர்ச்சி, தடுப்பு, வயதுக்கேற்ற நடத்தை மாற்றங்கள், வீட்டிலும் வகுப்பிலும் கையாளும் முறைகள், தாயைக் குற்றம் சாட்டாமல் பேசும் திறன், தகவல்களை வெளியிடாமல் காக்கும் கடமை ஆகியவை இடம்பெறும்.

தமிழ்நாட்டு மாணவர் இரண்டைக் கருத வேண்டும். முதலாவது, இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், 1992இன்படி, சிறப்பாசிரியர் முதலிய மறுவாழ்வுத் தொழில்களைச் செய்ய மன்றத்தின் பதிவு வேண்டும். அயல்நாட்டுக் குறுகியகாலச் சான்றிதழ் அறிவைத் தரும்; அப்பதிவைத் தராது. இரண்டாவது, வீட்டுக்குச் சென்று பழகும் பணியைக் கணினித் திரையில் மட்டும் கற்க முடியாது, களப்பயிற்சி வேண்டும்.

இவ்விரண்டுக்கும் உள்நாட்டில் வழி உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் மறுவாழ்வு மன்றம் ஏற்ற படிப்புகளை நடத்துகிறது. ஆசுத்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்துடன் இணைந்து மறுவாழ்வு மன்றம் 2021இல் தொடங்கிய சமுதாயம் சார்ந்த உள்ளடக்க வளர்ச்சி என்னும் ஆறு மாதப் படிப்பு, ஊர்மட்டப் பணியாளர்களை உருவாக்குவதற்கானது. மதுவினால் சிதையும் குடும்பங்களோடு பணிபுரிவதில் சென்னையின் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளைக்கு 1980 முதல் அனுபவம் உண்டு. சாந்தி ரங்கநாதன் நிறுவிய இந்நிறுவனம், குடிப்பவரோடு அவர் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை அளிக்கிறது. இவற்றில் ஒன்றோடு அயல்நாட்டு இணையப் படிப்பும் சேரும்போது பயன் முழுமை பெறும்.

ஊர்மட்டத்தில் கிடைக்கும் உதவிகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 குறைபாடுகளில் எஃப்.ஏ.எஸ்.டி. தனியாக இல்லை. எனினும் அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகிய பிரிவுகளில் தகுதி உள்ள குழந்தை சான்று பெறலாம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் சலுகைகள் கிடைக்கும்.

விழுப்புரத்தை அடுத்த கெடார் போன்ற ஊர்களில் உள்ள குடும்பம் முதலில் அணுகக்கூடியவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளருமே. கருவுற்றதைப் பதிவு செய்யும் நாளிலேயே மது பற்றித் தனிமையில், கனிவாகக் கேட்பது சிறந்த தடுப்பு முறை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. வளர்ச்சிக் குறைபாடு தெரிந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகின்றன. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் உள்ளது. பள்ளி வயதுக் குழந்தைக்கு ஒன்றிய வள மையத்தின் சிறப்பாசிரியர் உதவுவார்.

நாள்தோறும் குடிக்கும் பழக்கமுள்ள பெண் கருவுற்றால் திடீரெனத் தானாக நிறுத்துவது ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். குடிப்பழக்க மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவி எண் 14416. கருவுற்றது தெரியாமல் குடித்திருந்தாலும், தெரிந்த நாளிலிருந்து நிறுத்துவது குழந்தைக்கு நன்மையே. குடித்ததை ஒரு தாய் அச்சமின்றிச் சொன்னால்தான் மருத்துவரால் சரியான முடிவுக்கு வர முடியும். அந்த அச்சத்தைப் போக்குவதே குடும்ப ஆதரவுப் பணியாளரின் முதல் வேலை.