கையில் பணம் உண்டு, அருகில் கடை இல்லை: அமெரிக்காவின் ஹிஸ்பானிக் கிராமங்களில் என்ன சிக்கல்?

அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டில் 13.5 சதவீதக் குடும்பங்கள் போதிய உணவு கிடைக்கும் என்ற உறுதியின்றி வாழ்ந்தன. ஸ்பானிய, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான ஹிஸ்பானிக் குடும்பங்களில் இவ்விகிதம் 21.9 சதவீதம் என்கின்றன அந்நாட்டு வேளாண் துறையின் புள்ளிவிவரங்கள். வறுமையே முதன்மைக் காரணம். ஊரகப் பகுதிகளிலோ அதனுடன் கடையின் தொலைவும் சேர்ந்துகொள்கிறது.

எவ்வளவு தூரம் தொலைவு?

ஏழ்மை மிகுந்த பகுதி ஒன்றில் குறைந்தது 500 பேரோ, மக்கள்தொகையில் 33 சதவீதத்தினரோ பல்பொருள் அங்காடிக்கு வெகு தொலைவில் வசித்தால், அதனைக் கடை வசதி குறைந்த பகுதியாக வேளாண் துறை வகைப்படுத்துகிறது. நகரங்களுக்கு 1 மைல், ஊரகத்துக்கு 10 மைல், அதாவது 16 கி.மீ. என்பது அளவுகோல். ஆனால் காரும் பேருந்தும் இல்லாதவருக்கு 5 கி.மீ. கூடப் பெருந்தொலைவே.

டெக்சாஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டி, 'கொலோனியா' எனப்படும் 2,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் உள்ளன. பலவற்றில் குடிநீர், கழிவுநீர், சாலை வசதிகளே முழுமையாக இல்லை. அங்கு அருகில் இருப்பவை பெரும்பாலும் பெட்ரோல் நிலையக் கடைகளும் மலிவு விலை 'டாலர்' கடைகளுமே. டப்பா உணவும் குளிர்பானமும் எளிதில் கிடைக்கும். பச்சைக் காய்கறிக்கு 'புல்கா' எனும் சந்தை கூடும் நாளுக்காகப் பலர் காத்திருக்கின்றனர்.

அரசு உதவி இல்லையா?

'ஸ்னாப்' உணவு உதவித் திட்டத்தின் கீழ் ஏழைக் குடும்பங்களின் மின்னணு அட்டையில் மாதந்தோறும் தொகை வரவு வைக்கப்படுகிறது. இந்தியாவின் நியாயவிலைக் கடையைப் போல் அரசு பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. அட்டையை ஏற்கும் கடை ஒன்று ஊரில் இருந்தாக வேண்டும். ஆவணமற்ற குடியேறிகளுக்கு இவ்வுதவியும் கிடையாது. பண்ணைத் தொழிலாளர்களில் கணிசமானோர் அவர்களே.

கடைகள் ஏன் மூடப்படுகின்றன? பெரும் தொடர் நிறுவனங்களுக்குக் கிடைக்கும் கொள்முதல் விலை சிறு கடைக்காரருக்குக் கிடைப்பதில்லை. இப்பாகுபாட்டைத் தடுக்க 1936-இல் இயற்றப்பட்ட ராபின்சன்-பாட்மன் சட்டம் இன்றும் நடைமுறையில் இருந்தாலும், 1980-களுக்குப் பின் அரிதாகவே பயன்படுத்தப்பட்டது. லாபம் மெலிந்த தொழிலை ஏற்க அடுத்த தலைமுறை முன்வருவதும் இல்லை.

கொலராடோவின் சான் லூயிஸ் இதற்கு எடுத்துக்காட்டு. ஹிஸ்பானிக் குடியேறிகள் 1851-இல் நிறுவிய இவ்வூரே அம்மாநிலத்தின் மிகப் பழைமையான ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 600. டாரியோ கயேகோஸ் 1857-இல் தொடங்கிய மளிகைக் கடையை, 'ஆர் அண்ட் ஆர் மார்க்கெட்' என்ற பெயரில் அவரது வழித்தோன்றல்கள் நடத்திவந்தனர். அவர்கள் ஓய்வுபெற விரும்பியபோது, கடை மூடப்படும் நிலை உருவானது. பெரிய அங்காடிகள் உள்ள அலமோசா நகரம் சுமார் 65 கி.மீ. தொலைவில் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில், குளிர்காலப் பனியில், பாலுக்கும் முட்டைக்கும் அவ்வளவு தூரம் செல்வது முதியோருக்கு எளிதன்று.

2022-இல் அசெகியா இன்ஸ்டிட்யூட் என்ற உள்ளூர் அமைப்பு நன்கொடை நிதியுதவியுடன் கடையை வாங்கியது. 'அசெகியா' என்பது ஊரார் கூட்டாகப் பராமரிக்கும் பாசனக் கால்வாய்; சான் லூயிஸின் கால்வாய்க்கு 1852 முதல் நீருரிமை உண்டு. கடையைச் சமூகக் கூட்டுறவாக மாற்றி, அக்கால்வாய் நீரில் விளையும் 'போலிட்டா' பீன்ஸ் போன்ற உள்ளூர் விளைபொருள்களை அங்கேயே விற்பது அவ்வமைப்பின் திட்டமாகும்.