ஸ்போர்ட்ஸ்18

ஸ்போர்ட்ஸ்18 என்பது இந்தியாவில் 2022 முதல் 2025 வரை இயங்கிய விளையாட்டுத் தொலைக்காட்சி அலைவரிசைக் குழுமம் ஆகும். ரிலையன்ஸ் குழுமத்தின் கட்டுப்பாட்டிலிருந்த வயாகாம்18 நிறுவனம் இதை 2022 ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. ஜியோ தொலைத்தொடர்பு நிறுவனமும் இதே குழுமத்தைச் சேர்ந்தது. தொலைபேசி இணைப்பு விற்கும் ஒரு குழுமம் தனக்கென விளையாட்டு அலைவரிசை வைத்துக்கொண்டதற்கு இந்தியாவில் இதுவே பெரிய எடுத்துக்காட்டு. மூன்றாண்டுகளுக்குள் ஸ்போர்ட்ஸ்18 என்ற பெயர் மறைந்துவிட்டது. அதற்குள் கிரிக்கெட் பார்ப்பதற்கு யார், எதற்காகப் பணம் கட்டுகிறார்கள் என்ற கணக்கு மாறிப்போயிருந்தது.

பின்னணி

ஜியோ தனது 4ஜி சேவையை 2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 2017 மார்ச் முடியும்வரை அழைப்பும் இணையமும் இலவசம். அதன் பிறகே கட்டணம் வந்தது. 2018இல் ஹாத்வே, டென் ஆகிய கேபிள் நிறுவனங்களின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்க ரிலையன்ஸ் ஒப்பந்தம் செய்தது. 2019இல் ஜியோஃபைபர் வந்தது. வீட்டுக்குள் நுழையும் கம்பியும் கையிலிருக்கும் இணைப்பும் சேர்ந்தாயிற்று. அவற்றில் ஓடுவதற்குச் சரக்குதான் தேவைப்பட்டது.

நெட்வொர்க்18 நிறுவனம் 2014லேயே ரிலையன்ஸ் வசம் வந்திருந்தது. அதனுடன் அமெரிக்காவின் வயாகாம் கூட்டுச் சேர்ந்து 2007இல் உருவாக்கியதே வயாகாம்18. எனவே உரிமத்தின்படி அலைவரிசையை நடத்தியது ஜியோ அன்று, அதன் உடன்பிறந்த நிறுவனம். பார்வையாளர் கண்ணில் இந்த வேறுபாடு பட வாய்ப்பில்லை. செயலியின் பெயரே ஜியோசினிமா என்றுதான் இருந்தது.

ஐக்கிய இராச்சியத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் 2013 ஆகஸ்ட் 1 அன்று பிடி ஸ்போர்ட் அலைவரிசையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 38 பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்கள் வீதம் மூன்று பருவங்களுக்கு அது கொடுத்த விலை 738 மில்லியன் பவுண்டு. அந்த அலைவரிசையைத் தன் அகலப்பட்டை வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. தொலைக்காட்சி நிறுவனமான ஸ்கை அகலப்பட்டை விற்று அதன் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்ததே காரணம். கால்பந்தில் இலாபம் பார்ப்பதைவிட, இணைப்பைத் துண்டிக்காமல் வாடிக்கையாளரை வைத்துக்கொள்வதே அதன் நோக்கமாக இருந்தது. பின்னர் கட்டணம் வந்தது. 2022இல் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியுடன் கூட்டு ஏற்பட்டு, 2023 ஜூலையில் பிடி ஸ்போர்ட் என்ற பெயரும் போய் டிஎன்டி ஸ்போர்ட்ஸ் ஆயிற்று.

அலைவரிசையும் செயலியும்

ஸ்போர்ட்ஸ்18 1 கட்டண அலைவரிசை. ஸ்போர்ட்ஸ்18 கேல் கட்டணமின்றி டிடி ஃப்ரீ டிஷ்ஷில் கிடைத்தது. லா லிகா கால்பந்து, என்பிஏ கூடைப்பந்து போன்றவை தொடக்கத்திலேயே இருந்தன. 2022 நவம்பரில் கத்தாரில் நடந்த உலகக்கோப்பைக் கால்பந்து முதல் பெரிய சோதனை. அதுவரை ஜியோ இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே இருந்த ஜியோசினிமா செயலி, இதற்காக மற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தமிழ் வர்ணனையும் உண்டு. தொடக்க நாளில் படம் நின்று நின்று ஓடியது, புகார்கள் குவிந்தன.

இப்படிச் சறுக்கிய தொலைத்தொடர்பு நிறுவனம் இது ஒன்று மட்டும் அன்று. 2018 உலகக்கோப்பையின்போது ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நிறுவனத்தின் ஒளிபரப்பு முடங்கியது. மீதி ஆட்டங்கள் எஸ்பிஎஸ் என்ற பொது அலைவரிசையிலும் காட்டப்பட்டன. கோடிக்கணக்கானோர் ஒரே நொடியில் ஒரே காட்சியைக் கேட்பது, திரைப்படம் ஓட்டுவதைக் காட்டிலும் கடினமான வேலை.

ஐபிஎல் 2023

2022 ஜூனில் நடந்த ஏலத்தில் இந்திய கிரிக்கெட் வாரியம் ஐபிஎல் உரிமையைத் தொலைக்காட்சி, இணையம் எனப் பிரித்து விற்றது. 2023–27க்கான தொலைக்காட்சி உரிமையை டிஸ்னி ஸ்டார் 23,575 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இந்தியாவுக்கான இணைய உரிமையை வயாகாம்18 20,500 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மொத்தம் 410 ஆட்டங்கள். ஆக, இணையத்தில் ஓர் ஆட்டத்துக்கு 50 கோடி ரூபாய்.

இவ்வளவு கொடுத்து வாங்கியதை 2023இல் ஜியோசினிமா எல்லோருக்கும் இலவசமாகக் காட்டியது. சென்னை சூப்பர் கிங்ஸ் வென்ற இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் வரை பார்த்ததாக நிறுவனம் அறிவித்தது.

இலவசம் என்றாலும் பார்ப்பவர் செலவழிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நொடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு தெளிவான படம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.35 ஜிபி டேட்டாவை விழுங்கும். ஒரு டி20 ஆட்டம் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். அதாவது சுமார் 5 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி ரீசார்ஜ் செய்திருப்பவருக்கு முதல் அணி ஆடி முடிப்பதற்குள் அது தீர்ந்துவிடும். படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். இல்லையேல் பெரிய ரீசார்ஜ்தான். அந்தப் பருவத்துக்கென்றே நாளொன்றுக்கு 3 ஜிபி தரும் கிரிக்கெட் திட்டங்களை ஜியோ வெளியிட்டது. ஆட்டத்தை இலவசமாகக் காட்டிய குழுமமே டேட்டாவையும் விற்றது. இடையில் விளம்பர வருவாயும் உண்டு. ஏர்டெல் வாடிக்கையாளர் பார்த்தால் டேட்டாப் பணம் அந்தப் பக்கம் போகும். ஆனால் விளம்பரதாரரிடம் காட்டும் தலைக்கணக்கில் அவரும் சேருவார்.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊரில் இதன் பொருள் என்ன? அதே ஆட்டம் மாதச் சந்தா கட்டிய கேபிளில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழில் ஓடியது. அந்தத் தமிழ் அலைவரிசை 2017லேயே வந்துவிட்டது. வீட்டுக்குப் பொதுவான அந்தப் பெட்டிக்குப் பதில், ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு ரீசார்ஜ் என்று செலவு பிரிந்தது. பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் பாவைவிட்டு அகலாது. காதுக்கு வர்ணனை இருந்தால் போதும். படத்தைச் சிறிதாக்கி வைத்துக் கேட்கும் அவருக்கு இலவச ஒளிபரப்பு உண்மையிலேயே மலிவாகத்தான் முடிந்திருக்கும்.

தூர்தர்ஷனை நம்பியிருக்கவும் வழியில்லை. நாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் வரும். ஐபிஎல் வராது.

இணைப்பும் பெயர் மாற்றமும்

போட்டி நிறுவனமான டிஸ்னி ஹாட்ஸ்டார் சும்மா இருக்கவில்லை. 2023 ஆசியக் கோப்பையையும் உலகக்கோப்பையையும் கைப்பேசியில் இலவசமாகத் திறந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய அணியின் உள்நாட்டு ஆட்டங்களின் உரிமையையும் வயாகாம்18 5,963 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இரண்டு பணக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு பந்தி பரிமாறிய காலம் அது. சாப்பிட்டவர்களுக்கு நல்ல காலம்தான்.

அது நீடிக்கவில்லை. இரு தரப்பு ஊடகத் தொழில்களையும் இணைக்க இந்தியப் போட்டி ஆணையம் 2024 ஆகஸ்ட் 28 அன்று நிபந்தனைகளுடன் ஒப்புதல் அளித்தது. கிரிக்கெட்டுக்கான தொலைக்காட்சி விளம்பர நேரத்தையும் இணைய விளம்பர நேரத்தையும் ஒன்றாகக் கட்டி விற்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. விளம்பரதாரரைக் காப்பதற்கான ஏற்பாடு இது. பார்வையாளர் கட்டும் சந்தாவை இது தொடவில்லை. நவம்பர் 14 அன்று இணைப்பு நிறைவேறியது. கூட்டு நிறுவனத்தின் மதிப்பு 70,352 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. இதில் ரிலையன்ஸ் 11,500 கோடி ரூபாய் முதலீடு செய்தது. ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் ஆயின. அடுத்த மாதம் ஸ்போர்ட்ஸ்18 அலைவரிசைகள் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் பெயருக்குள் அடங்கின.

2025 ஐபிஎல் முழுவதையும் பார்க்கச் சந்தா தேவைப்பட்டது. சிறிது நேரம் மட்டும் இலவசமாகக் காட்டிவிட்டுச் செயலி பணம் கேட்டது. 299 ரூபாயோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்யும் ஜியோ வாடிக்கையாளருக்கு 90 நாள் ஜியோஹாட்ஸ்டார் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 2024 ஜூலையில்தான் 239 ரூபாயிலிருந்து அந்த 299 ரூபாய்க்கு ஏறியிருந்தது.

தனித்தனியாக விற்ற ஐபிஎல் தொலைக்காட்சி உரிமையும் இணைய உரிமையும் இப்போது ஒரே நிறுவனத்திடம் உள்ளன. அந்த ஒப்பந்தங்கள் 2027 பருவத்துடன் முடிகின்றன.