சித்திரப் படம்தானே என்று உட்கார்ந்தோம்

சித்திரப் படம் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது என்ன? எலியைப் பூனை துரத்தும். பூனை சுவரில் மோதித் தட்டையாகும். மறுகணமே எழுந்து மீண்டும் ஓடும். அங்கே அடிபடுவோர் உண்டு, ஆனால் சாவோர் இல்லை. சிரிப்பதற்கென்றே தீட்டப்பட்ட உலகம் அது.

இந்த எண்ணத்துடன்தான் சென்ற ஆகஸ்டு மாதம், ஹிரோஷிமா நினைவு நாளையொட்டி நம் பள்ளி அரங்கில் திரையிடப்பட்ட படத்திற்குச் சென்றோம். மேல்வகுப்பு மாணவியருக்கென்று அறிவிக்கப்பட்டிருந்த படம் அது. நாங்களோ, "கார்ட்டூன்தானே, வாருங்கள்" என்று விடுதியிலிருந்த சிறுமியர் சிலரையும் கையைப் பிடித்து அழைத்துச் சென்று முன்வரிசையில் உட்கார வைத்தோம். நாங்கள் செய்த அந்தத் தவறே இக்கட்டுரைக்குக் காரணம்.

படத்தின் பெயர் "வென் தி விண்ட் ப்ளோஸ்". அதாவது "காற்று வீசும்போது". ரேமண்ட் பிரிக்ஸ் என்னும் ஆங்கிலேய ஓவியர் 1982-இல் வெளியிட்ட சித்திரக் கதையே 1986-இல் படமாயிற்று. குழந்தைகள் விரும்பும் "தி ஸ்னோமேன்" என்ற பனிமனிதன் கதையைப் படைத்தவரும் இவரே. இயக்கியவர் ஜிம்மி முரகாமி. ஜப்பானிய வமிசத்தில் அமெரிக்காவில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது சிறுவனாகவே குடும்பத்துடன் முகாமில் அடைத்து வைக்கப்பட்டவர். போரின் கசப்பை அவருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கதை எளியது. கிராமப்புறத்தில் ஒரு சிறிய வீடு. அதில் ஜிம், ஹில்டா என்னும் வயோதிகத் தம்பதியர். அணுகுண்டுப் போர் வரக்கூடும் என்று செய்தி வருகிறது. ஜிம் நூலகத்திலிருந்து அரசாங்கக் கையேட்டைக் கொண்டு வந்து, அதில் கூறியபடியே வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து மறைவிடம் அமைக்கிறார். இது வெறும் கற்பனையன்று. 1980-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்ட "புரொடெக்ட் அண்டு சர்வைவ்" என்னும் கையேட்டில் இத்தகைய யோசனைகள் மெய்யாகவே இருந்தன. ஹில்டாவின் கவலையோ வேறு. சுவரில் கீறல் விழுமே, மெத்தைத் திண்டுகள் அழுக்காகுமே, அடுப்பிலுள்ள கேக் கருகிவிடுமே என்பதே அவள் கவலை.

இதுவரை அரங்கில் ஒரே சிரிப்பு. பிறகு குண்டு விழுகிறது.

வீடு நிற்கிறது, இருவரும் பிழைத்திருக்கின்றனர். ஆனால் வெளியே புல் கருகிக் கிடக்கிறது. குழாயில் நீரில்லை, வானொலியில் குரலில்லை. மழை நீரைப் பிடித்துக் கொதிக்க வைத்துக் குடிக்கின்றனர். கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாததால் அதை அவர்கள் நம்பவில்லை. ஈறுகளில் இரத்தம் கசிகிறது, தலைமயிர் உதிர்கிறது, தோலில் புள்ளிகள் தோன்றுகின்றன. அப்போதும், "அரசாங்கத்தார் வந்துவிடுவார்கள்" என்றே ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கின்றனர். முடிவில் பாதி மறந்துபோன ஒரு திருப்பாடலை முணுமுணுத்தபடி மறைவிடத்துக்குள் படுக்கின்றனர். படம் முடிந்து விடுகிறது.

அரங்கில் விளக்கு எரிந்தபோது ஒருவரும் எழவில்லை. முன்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி திரும்பிப் பார்த்து, "அக்கா, அந்தத் தாத்தா எப்போ எழுந்திருப்பார்?" என்று கேட்டாள். எங்களிடம் விடையில்லை. தட்டையான பூனை எழுவதையே பார்த்துப் பழகிய குழந்தை வேறு எப்படிக் கேட்பாள்?

பார்ப்போரை இவ்வளவு தூரம் இப்படம் கலங்கச் செய்வது ஏன்? வகுப்பில் பேசிப் பார்த்ததில் மூன்று காரணங்கள் புலப்பட்டன.

முதலாவது, எதிர்பார்ப்பு. அழுகைப் படத்திற்குப் போகிறவர் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போகிறார். சித்திரப் படத்திற்குப் போகிறவரோ கவசமின்றிப் போகிறார். உருண்டை முகமும் புள்ளிக் கண்ணும் கொண்ட உருவங்கள் நம்மைச் சிரிக்க வைத்து, நெருங்க வைத்து, அதன் பின்னரே அடிக்கின்றன. இரண்டாவது, படத்தில் வில்லன் இல்லை. குண்டு போட்டவர் முகம் ஒருமுறையேனும் தெரிவதில்லை. கோபப்படுவதற்கு ஆளில்லாதபோது துக்கம் நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது. மூன்றாவது, அந்த முதியோர் நம் வீட்டாரைப் போல இருக்கின்றனர்.

மூன்றாவது காரணத்தை எங்களுக்கு உணர்த்தியவர் எங்களுள் ஒருத்தியின் பாட்டி. தென்னேரியில் பிறந்து, குழித்தறியில் பட்டு நெய்தே காலம் கழித்தவர். பேத்தி அன்றிரவு கதையைச் சொல்லி, குண்டு விழும் வேளையில் கேக்கைப் பற்றிக் கவலைப்பட்ட ஹில்டாவை எண்ணிச் சிரித்தாளாம். பாட்டி சிரிக்கவில்லை. "2015-ல வெள்ளம் வந்தப்போ நான் முதல்ல எதைத் தூக்கிப் பரண்ல வெச்சேன் தெரியுமா? பாவைத்தான். ரேஷன் கார்டை மறந்துட்டேன். கையில இருக்கிற வேலையைத்தான் மனசு பிடிச்சுக்கும், கண்ணு. அந்தம்மா பைத்தியம் இல்ல" என்றாராம். மறுநாள் வகுப்பில் இதைக் கேட்டபின் எங்களுக்கும் ஹில்டாவைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை.

இப்படம் வெளியான ஆண்டையும் நினைவில் கொள்ள வேண்டும். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அதன் கதிரியக்கம் காற்றோடு பரவி, பிரிட்டனின் மலைப்பகுதிகளிலும் மழையோடு இறங்கியது. அங்கு ஆடுகளை விற்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அக்கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது 2012-இல்தான். அதே ஆண்டில் திரையிலே ஜிம் மழைநீரைப் பிடித்துக் குடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் கதையாக இருந்திருக்க இயலுமோ? மழையை நம்பி ஏரி வெட்டி வாழும் நம் ஊராருக்கும் அக்காட்சியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

"இத்தகையவற்றைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா?" என்ற வினா நம் ஊரில் மட்டும் எழவில்லை, குண்டு விழுந்த ஜப்பானிலேயே எழுந்தது. கெய்ஜி நகஸாவா என்பவர் 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் ஆறு வயதுச் சிறுவன். பள்ளிச் சுவரொன்று மறைத்ததால் உயிர் தப்பினார். தந்தையையும் அக்காளையும் தம்பியையும் இழந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நகரில் இறந்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர். அவர் தம் வாழ்வை 1973 முதல் "வெறுங்கால் கென்" என்ற சித்திரக் கதையாக வரைந்தார். 1983-இல் அது சித்திரப் படமாகவும் வந்தது.

இந்தக் கதைப் புத்தகத்தைப் பள்ளி நூலகங்களில் மாணவர் தாமே எடுத்துப் படிக்க இயலாதவாறு உள்ளே வைக்கும்படி மட்சுவே நகரக் கல்வி வாரியம் 2012-இல் கேட்டுக்கொண்டது. அதில் வரும் கொடுமைக் காட்சிகள் சிறுவர்க்கு மிகையானவை என்பது காரணம். மறு ஆண்டு செய்தி வெளியானதும் பலத்த எதிர்ப்பு எழுந்து, அவ்வேண்டுகோள் திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து இக்கதையை நீக்கியது. நோயுற்ற தாய்க்காகக் கென் பிறர் குளத்து மீனைத் திருடும் காட்சி தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒரு நகரம் அழிந்ததைக் குழந்தைக்குச் சொல்லலாம், மீன் திருடியதைச் சொல்லக் கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

நம் பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் இவ்வினா எழுந்தது. விடுதிச் சிறுமி ஒருத்தியின் தந்தை எழுந்து, "லீவுக்கு வந்த குழந்தை இரண்டு ராத்திரி தூங்கவில்லை. படிக்க அனுப்பினோமா, பயமுறுத்த அனுப்பினோமா?" என்று கேட்டார். அவர் கோபம் நியாயமானது. சிறுமியரை அழைத்துச் சென்றவர்கள் நாங்களே என்று எழுந்து ஒப்புக்கொண்டோம். சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளாமல், "வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டியவள் நான்" என்றார்கள். அப்போது ஒரு தாயார், "என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் படம் பார்த்த பிறகுதான் நாளிதழைத் தானாக எடுத்துப் படிக்கிறாள். அவளுக்கு அது வேண்டும்" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை என்பதே நாங்கள் கண்ட முடிவு. ஒரே படம் ஒருத்தியின் உறக்கத்தைக் கெடுக்கிறது. மற்றொருத்தியை விழிக்கச் செய்கிறது. வேறுபாடு படத்தில் இல்லை. பார்ப்பவரின் வயதிலும், பார்த்தபின் பேசுவதற்குப் பக்கத்தில் ஆள் இருப்பதிலும் உள்ளது. நம் நாட்டிலும் 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சித்திரப் படம் என்பதற்காகத் தனிச் சலுகை எதுவுமில்லை. பெற்றோர் கவனிக்க வேண்டியது அந்த எண்ணையே. படம் வரையப்பட்டதா, நடிக்கப்பட்டதா என்பதையன்று.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். தனியே விடப்பட்ட அச்சம் அப்படித்தான் பேயாகும். பலர் கூடிப் பேசிய அச்சமோ எச்சரிக்கையாகும், இரக்கமாகும். ஜிம்முக்கும் ஹில்டாவுக்கும் நேர்ந்த பெரிய குறை, கேள்வி கேட்க அவர்களுக்கு எவரும் இல்லாமற் போனதே. கையேடு மட்டுமே இருந்தது.

அந்தச் சிறுமியிடம் பின்னர் நாங்கள் சென்றோம். "தாத்தா எழுந்திருக்க மாட்டார். அதனால்தான் அப்படி ஒரு குண்டு இனி யார் மீதும் விழக் கூடாது" என்று சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "அப்போ பெரியவங்ககிட்ட யாராவது சொல்லணும் இல்ல?" என்றாள். ஆம், சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும் அறிவையும் சொல்லும் துணிவையும் நாம் அனைவரும் பெறுவோமாக!