வீட்டுப் புகையை வெளியேற்றுவது எப்படி?

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குச் செல்லும் வழியில் உள்ள செமோர் வட்டாரத்தை விடியற்காலையில் கடந்து சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இடையில் கிந்தாப் பள்ளத்தாக்கு. இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்திலேயே தங்கிவிடுகிறது. அதனால், வீடுகளின் பின்புறத்திலிருந்து எழும் புகை மேலே செல்ல இயலாமல், கூரைகளின் உயரத்தில் வெள்ளைத் துணி விரித்தாற்போல் படர்ந்து நிற்கும். தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அது அழகுதான். அந்தக் கூரைகளின் கீழே உறங்கும் குழந்தைகளுக்கு அது அழகன்று.

இப்போது எல்லா வீடுகளிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டதே, புகை எங்கிருந்து வருகிறது என்று சிலர் கேட்கலாம். அண்மையில் அவ்வட்டாரத்தில் ஒரு தோட்டக் குடியிருப்புக்குச் சென்றிருந்தபோது நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆனால், ஒரு மூதாட்டியின் அடுக்களையில் கேஸ் தோம்புக்கு அருகிலேயே மூன்று கல் அடுப்பு ஒன்றும் இருந்தது. குளிக்க வெந்நீர் வைப்பதும் பெரிய பானையில் சமைப்பதும் அதில்தான். விறகு, பழைய பால்மரக் கிளைகள். சுவர் இடுப்பளவு உயரத்திலிருந்து உத்தரம் வரை கறுத்திருந்தது. பேரப்பிள்ளைக்கு இழைப்பு நோய். வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி. இரவு முழுவதும் கொசுவர்த்தி. சன்னல் திறந்துதான் இருந்தது. ஆயினும் புகை போகவில்லை.

அதற்கான காரணத்தை நமக்கு விளக்கியவர் பக்கத்து வீட்டு முதியவர். இளமையில் தோட்டத்துப் புகைக் கூடத்தில் வேலை செய்தவர் அவர். "சன்னல் எதுக்குத் தம்பி? புகை சன்னலப் பாத்தா போகும்? மேல வழி இருக்கணும், கீழ காத்து வரணும்" என்றார்.

அவர் கூறியதில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. மூத்த வாசகர்களுக்குப் புகைக் கூடம் நினைவிருக்கும். மரப்பாலை உறையவைத்து, இயந்திரத்தில் அழுத்தி, ஷீட்டு என்று நாம் அழைத்த தகடுகளாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, பால்மர விறகின் புகையில் நாட்கணக்கில் உலர்த்துவார்கள். முதல் நாளில் கூரைத் துவாரங்களை அகலத் திறந்து வைப்பர். ஈரம் சுமந்த காற்று மேலே வெளியேறும், புதிய காற்று கீழே நுழையும். ஈரம் போன பிறகு துவாரங்களைக் குறுக்கிப் புகையை உள்ளே நிறுத்துவர். விறகுப் புகையிலுள்ள சில இரசாயனப் பொருள்கள் தகட்டில் படிந்து பூஞ்சணம் பிடிக்காமல் காத்தன. பூஞ்சணத்தைக் கொல்லும் அதே புகையைத்தான் நாம் அடுக்களையில் சுவாசிக்கிறோம். துவாரத்தை மூடி வைத்த புகைக் கூடத்திற்கும் கூரை வழியில்லாத அடுக்களைக்கும் அதிக வேறுபாடு இல்லை.

புகை என்பது வெறும் கரி மட்டுமன்று. அதில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள் உள்ளன. இவற்றுள் 2.5 மைக்ரோனும் அதனினும் சிறியவையும் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும். மூக்கிலுள்ள முடியும் சளியும் இவற்றை முற்றிலும் தடுத்துவிட முடியாது. நுரையீரலின் அடிவரை சென்று, சில இரத்தத்திலும் கலந்துவிடுகின்றன. இழைப்பு நோய், மார்புச் சளி, இதய நோய் முதலியவற்றுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு உறுதி செய்யப்பட்டுள்ளது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் வீட்டுப் புகையின் காரணமாக மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஆகவே, விறகடுப்பை வீட்டுக்கு வெளியே, மூன்று பக்கம் திறந்த கொட்டகைக்குக் கொண்டு செல்வதே முதல் வேலை. இயலாதவர்கள் அடுப்புக்கு நேர் மேலே தகரத்தால் குடை போன்ற ஒரு மூடி அமைத்து, அதிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்த வேண்டும். சூடான புகை தானே மேலெழும் இயல்புடையது. அதற்கு வழி காட்டினால் போதும். ஆனால், வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வராவிட்டால் புகைபோக்கி வேலை செய்யாது. எனவே பின்கதவின் அடியிலோ சுவரின் கீழ்ப்பகுதியிலோ ஒரு திறப்பு வேண்டும். விறகைப் பிளந்து, மழை படாத இடத்தில் நன்கு உலர்த்தி எரிப்பதும் புகையைக் குறைக்கும். பச்சை விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம்.

கூரையில் கை வைப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பழைய தோட்ட வீடுகள் சிலவற்றில் கூரை அஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கக் கூடும். அதை அறுத்தாலோ துளையிட்டாலோ வெளிவரும் தூள், புகையைவிடக் கொடியது. தகரம்தானா என்று உறுதியாகத் தெரியாவிடில் தொடவே கூடாது. மேலும், நிர்வாகம் தந்த வீடாயின், அதைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின்படி முதலாளியின் பொறுப்பாகும். அடுக்களைக்குப் புகைவழி வேண்டும் என்று அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

கூரையில் வழி அமைக்கும் வரை மின்விசிறி உதவும். பலர் அதைத் தம் முகத்தை நோக்கித் திருப்பி வைக்கின்றனர். அது புகையை வீடு முழுவதும் கலக்குமேயன்றி அகற்றாது. விசிறியைச் சன்னலுக்கு அருகில், வெளிப்புறம் நோக்கி வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிட வேண்டும். அடுப்பின் தழல் மீது காற்று படாதவாறு பார்த்துக்கொள்வது அவசியம்.

கொசுவர்த்தியைப் பற்றி விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் அதைப் புகை என்று நம்மவர் எண்ணுவதே இல்லை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை எரித்துச் சோதித்த ஓர் ஆய்வு 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடும் என்பது அதன் முடிவு. வீட்டில் யாரும் சிகரெட்டைத் தொடுவதில்லை என்று பெருமைப்படும் தாய், இரவில் குழந்தையின் தலைமாட்டில் சுருளை ஏற்றி வைக்கிறார்! பால்வெட்டுக்குச் செல்வோர் சுருளை இடுப்பில் தொங்கவிட்டுச் செல்வது வேறு. திறந்த வெளியில் புகை கலைந்துவிடும். மூடிய படுக்கையறையில் அது எங்கே போகும்? சன்னலுக்குக் கம்பிவலையும் படுக்கைக்குக் கொசுவலையும் போதுமானவை. சுருள் வேண்டியே தீருமாயின் வாசல் திண்ணையில் வைக்கலாம்.

சாம்பிராணியை விட்டுவிடச் சொல்ல நமக்கு மனமில்லை. கதவு சன்னல்களைத் திறந்து வைத்துக் குறைந்த நேரம் காட்டினால் போதும். இழைப்பு உள்ளவர் அந்நேரம் வெளியே இருக்கட்டும். நறுமணத் தெளிப்பான் புகையை நீக்காது, நாற்றத்தை மறைக்கும். சன்னலில் தொங்கவிடும் ஈரத்துணியை நுண்துகள் எளிதில் கடந்துவிடும். வாடை போய்விட்டது என்பதால் துகள்கள் போய்விட்டன என்று கொள்ளவும் கூடாது; அவை மணிக்கணக்கில் மிதக்கும். தரையைப் பெருக்கினால் படிந்த கரி மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைப்பதே நன்று.

இதுவரை கூறியவை வெளிக்காற்று நல்லதாக இருக்கும் நாட்களுக்குப் பொருந்தும். 1997, 2005, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டைச் சூழ்ந்த புகைமூட்டம் போன்றது மீண்டும் வருமானால் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது புகை வெளியே இருக்கிறது; திறந்த சன்னல் அதை உள்ளே அழைக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் சுகாதாரமற்ற நிலை. 200-ஐத் தாண்டினால் மிகவும் சுகாதாரமற்ற நிலை. 300-க்கு மேல் ஆபத்து. செமோர் வாசிகள் ஈப்போ நிலையங்களின் அளவைச் சுற்றுச்சூழல் துறையின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்நாட்களில் வீடு முழுவதையும் காப்பது கடினம். ஓர் அறையைத் தேர்ந்து, கதவிடுக்கிலும் சுவரின் மேலுள்ள காற்றுத் துளைகளிலும் துணி அல்லது நெகிழித் தாள் அடைத்து, குழந்தைகளையும் முதியோரையும் அங்கே இருக்கச் செய்க. அந்த அறையில் எதையும் எரிக்கக் கூடாது. அடைத்த வீட்டில் கரியடுப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அறை தாங்க முடியாத வெப்பமானால் அடைத்து வைப்பதும் தீங்கே. குளிர்ச்சியான வேறோர் இடத்துக்குச் செல்வதே முறை.

காற்றைச் சுத்திகரிக்கும் கருவி வாங்க வசதியுள்ளோர் 'ஹெப்பா' வடிகட்டி உடையதா என்று கேட்டு வாங்குக. அத்தகைய வடிகட்டி 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்கும். ஓசோன் உண்டாக்கும் கருவிகளை வாங்க வேண்டா; அவ்வாயுவே நுரையீரலுக்குப் பகை. வசதி குறைந்தவர்க்கும் ஒரு வழி உண்டு. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசெந்தால் ஆகிய இருவர் பரப்பிய எளிய முறை அது: 'மெர்வ் 13' தரமுள்ள சதுர வடிகட்டிகள் நான்கைப் பெட்டிபோல் நிறுத்தி, அடியை அட்டையால் மூடி, மேலே பெட்டி விசிறியைக் காற்று மேல்நோக்கி வீசுமாறு வைத்து, இடைவெளிகளை ஒட்டுநாடாவால் அடைக்க வேண்டும். பழுதான கம்பியுடைய பழைய விசிறியை இதற்குப் பயன்படுத்தலாகாது. வெண்மையான வடிகட்டி நாளடைவில் சாம்பல் நிறமாகும். அப்போது மாற்றிவிட வேண்டும். கழுவி மீண்டும் பயன்படுத்த இயலாது.