நாற்காலி போனால் தொழிலும் போய்விடுமா?

"நாளை முதல் இந்த ஜன்னல் கிடையாது. நீங்கள் பார்சல் ஆபீசுக்குப் போங்கள்."

மேலதிகாரி இப்படிச் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். மும்பையில் புறநகர் ரெயில் நிலையம் ஒன்றில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாக இருந்தேன். என் தகப்பனார் ரெயில் பாதையில் கேங்மேன். பணியில் இருக்கும்போதே காலமானார். பத்தாவது தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் இந்த வேலை கிடைத்தது. ஆகவே அந்த நாற்காலியை அப்பா விட்டுச் சென்ற சொத்தாகவே நினைத்து வந்தேன்.

காரணம் எனக்கும் தெரியாததல்ல. 2007-ல் மும்பை நிலையங்களுக்குத் தானியங்கி டிக்கெட் எந்திரம் வந்தது. 2014 டிசம்பரில் கைப்பேசியிலேயே புறநகர் டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. என் ஜன்னல் முன் நின்ற வரிசை ஆண்டுக்கு ஆண்டு குட்டையாகிக்கொண்டே போனது.

போதாக்குறைக்கு, அதே மாதத்தில் இலாகா பதவி உயர்வுத் தேர்வின் முடிவும் வந்தது. பட்டியலில் என் பெயர் இல்லை.

வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். "ஊருக்கே போய் ஒரு பெட்டிக்கடை வைத்துவிடலாம்" என்று ஒரு நாள் மனைவியிடம் சொன்னேன். "கடைக்கு முதல் எங்கே இருக்குதுங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை.

அண்ணாச்சி சொன்ன கணக்கு

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்களுக்கு வேண்டிய அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நெல்லைச் சீமைக்காரர். டைப்ரைட்டிங் ஹையர் தேறி, ஒரு தகரப் பெட்டியுடன் பம்பாய் வந்து, கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். 1990-களில் அந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டர்களைக் கட்டிக் குடோனில் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம் வேலையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம்.

"அப்புறம் என்ன செய்தீர்கள், அண்ணாச்சி?"

"ஒரு தாளை எடுத்து நடுவிலே கோடு போட்டேன், தம்பி. எந்திரம் எதை எடுத்துக்கிட்டது என்று இந்தப் பக்கம். என் கையிலே எது மிச்சம் என்று அந்தப் பக்கம். கார்பன் வைக்கிறது, ரிப்பன் மாத்துறது எல்லாம் போச்சு. ஆனா எழுத்து வரிசை இரண்டிலும் ஒண்ணுதான். கடிதம் வரையத் தெரியும். எந்தக் கடிதம் எந்த பைலில் இருக்கு என்றும் தெரியும். மிச்சம்தான் அதிகமா இருந்தது."

தம்மைவிட இருபது வயது இளைய பையனிடம், ஆபீஸ் முடிந்த பின் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். வெட்கத்தை விட்டதுதான் தாம் கட்டிய பீஸ் என்றார். அதே கம்பெனியில் ஆபீஸ் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றார்.

எங்கள் ரெயில்வே சரித்திரத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் மரச்சாமான் செய்யும் தொழிலில் நொடித்துப் போனார். 1830-களில் ஒரு சிறு ரெயில் நிலையத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கையால் டிக்கெட் எழுதும் முறையின் குறைகளைக் கண்டு, வரிசை எண் அச்சிட்ட அட்டை டிக்கெட்டை உண்டாக்கினார். நம் நாட்டு ரெயில்களிலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது அந்த டிக்கெட்தான். தொழில் நொடித்த மனிதருக்கு உள்ளே ஒரு தொழிலாளி மிச்சமிருந்திருக்கிறார்.

பார்சல் ஆபீசில்

நானும் தாளில் கோடு போட்டேன். டிக்கெட் அச்சிடும் வேலை போயிற்று. கட்டணக் கணக்கு, ரொக்கம் ஒப்படைக்கும் ஒழுங்கு, தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் பேசும் வாய், இவை மிச்சம்.

பார்சல் ஆபீசில் இந்த மூன்றுக்கும் வேலை இருந்தது. ஊருக்கு மோட்டார் சைக்கிள் அனுப்ப வரும் நம்மவர் பலருக்கு, பெட்ரோலை வடித்துவிட வேண்டும், ஆர்.சி. புத்தக நகல் வேண்டும் என்பது தெரியாது. பார்வர்டிங் நோட்டில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்றும் தெரியாது. வந்த சரக்கைக் குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வார்பேஜ் கட்டணம் ஏறும் என்பது பணம் கட்டும்போதுதான் தெரியும். இவற்றை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். "அந்தத் தமிழ் பாபு இருக்கிறாரா?" என்று தேடி வருகிறார்கள் இப்போது.

தினம் காலை ஒரு மணி நேரம் விதிப் புத்தகம் படிக்கிறேன். தெரியாததை வயதில் சிறியவரிடமும் கேட்கிறேன். அடுத்த இலாகா தேர்வுக்கும் மனுப் போட்டிருக்கிறேன். தேறுவேனோ, மாட்டேனோ. ஆனால் பிளாட்பார பெஞ்சில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

ஆபீஸ், ஆலை, பட்டறை என்று எங்கே வேலை பார்க்கும் அன்பராக இருந்தாலும் சரி, நாற்காலி ஆட்டம் காணும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். விஷயத்தை வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். ராஜினாமாக் கடிதம் எழுத எடுத்த தாளில், முதலில் நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.